முழவும் மரமும்

(பழங்காநத்தம் அவையில் ஆற்றிய உரை)



முழவு என்றதும் நினைவுக்கு வருவது தோல். முழங்குவது தோலே, அதில் ஐயமில்லை. ஆயினும் தோலின் அதிர்வை ஏந்தி நிற்பது மரம். கனத்து இறுகிய மரம் அவ்வதிர்வை அதிகம் விழுங்குவதில்லை. நாதம் தெளிந்து நிற்கிறது. நொய்ந்த மரமோ ஒலியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. நாதம் விரைவில் மங்குகிறது.

மிருதங்கத்திற்கும் தவிலுக்கும் பலாமரம் சிறப்பாகக் கொள்ளப்படுவது இதனால்தான். வைரம் பாய்ந்த பலா, குடைந்தபின்னும் வார்களின் இழுப்பைத் தாங்குகிறது. பூச்சிக்கும் எளிதில் இரையாவதில்லை. பறைக்கு அமைவது வேறு வகை. வேப்பமரத் துண்டுகள் மூன்றை இணைத்த வட்டச் சட்டமே அதன் உடல். ஒலியை அடைத்து வைக்கும் குடம் அதற்கு இல்லை. ஆகவே அடித்த ஒலி அப்பொழுதே வெளியே பாய்ந்து ஊர் எல்லை வரை செல்கிறது. கடல் கடந்த கியூபாவில் ஆப்பிரிக்க வழியினர் சமைத்த கொங்கா மேளமோ, பீப்பாய் போலப் பலகைகளைச் சேர்த்து எழுப்பிய நெடிய உடல் உடையது. மரம் மட்டுமன்று, அது கொள்ளும் வடிவும் ஒலியை ஆள்கிறது.

மரத்தை ஆய்ந்து கொள்ளும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் வங்கியம் செய்யும் முறையை விளக்குகிறார். முதிர்ந்த பெருமரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, அது முறுகுதலும் பிளத்தலும் இன்றி இருப்பதை அறிந்து, ஓராண்டு சென்றபின்னரே கருவி செய்யவேண்டும் என்கிறார். குழலுக்குச் சொன்ன இந்தப் பொறுமை முழவுக்கும் பொருந்தும். ஈரம் உலராத கட்டையைக் குடைந்தால் அது பின்னர் வெடிக்கும். வெடித்த கட்டையில் சுருதி நிற்காது.

இனி, மதுரையை அடுத்த திருமோகூரை நினைக்கலாம். அவ்வூரே சங்ககால மோகூர் என்பர். மோகூர் மன்னனை வென்ற சேரன் செங்குட்டுவன் அவனது முரசைக் கைக்கொண்டான். காவல்மரமாகிய வேம்பையும் வெட்டி வீழ்த்தினான். அதனை முரசு செய்யத்தக்க துண்டுகளாக்கி யானைகள் பூட்டிய வண்டிகளில் கொண்டுசென்றான். பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து இதனைச் சொல்கிறது. ஒருவனுக்குக் காவலாய் நின்ற மரம் மற்றவனுக்கு வெற்றிமுழக்கமாக வேண்டியதாயிற்று.

வெட்டுவித்த வேந்தன் பெயரைப் பாட்டு காத்தது. அம்மரத்தைக் குடைந்த தச்சன் யார்? தோல் போர்த்தவன் யார்? பாட்டில் அவர்களுக்கு இடமில்லை. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றியோருள், அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தை அறிந்தவர் சிலரே. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டது 2020-இல்தான். ஈராயிரம் ஆண்டு முழவைப் பாடிய மொழிக்கு இது பெருமையன்று.

முழவொலியைப் பாடும் கவிஞர்கள் இனி மரத்தையும் நினைக்கவேண்டும்; மரத்தோடு, அதனைத் தட்டிப் பார்த்து, ஒலி கேட்டு, இது ஆகும், இது ஆகாது என்று தேர்ந்த கையையும் நினைக்கவேண்டும். அந்தக் கைக்குப் பாட்டில் ஓர் இடம் தருவது கடன்.