கிணற்றில் தெரியாதது கடலில் தெரிந்தது

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர்: இயற்பியல் துறை, 1984–87)



அந்தமான் போய் ஸ்கூபா டைவிங் செய்த கதையைச் சொல்லு என்று செயலாளர் சொன்னார். "ஜாலியா பேசுப்பா, போன வருஷம் எல்லாரும் வருமான வரி பத்தியே பேசிட்டாங்க" என்றார். ஜாலியாகத்தான் ஆரம்பிக்கிறேன். நடுவில் கொஞ்சம் தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி மாவட்டத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. நமக்குத் தண்ணீர் என்றால் ஒகேனக்கல். அது இல்லையென்றால் கிணறு. நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். பாறையை வெடி வைத்து உடைத்து, சதுரமாக வெட்டி, பக்கச் சுவரில் கல்லை நீட்டிப் படி வைத்த கிணறுகள் எங்கள் ஊரில் நிறைய. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மேலேயிருந்து தள்ளி விடுவார்கள். அதுதான் எங்களுக்கு நீச்சல் பள்ளிக்கூடம்.

என் அப்பாவுக்கு அரை ஏக்கர் மேட்டு நிலம். அதில் கேழ்வரகும் அவரையும் விளையும், மழை பெய்தால். மற்ற நாளில் கூலி. அதோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கிணற்றில் விழுந்ததை எடுத்துக் கொடுப்பார். குடம், வாளி என்றால் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவி எடுத்துவிடலாம். மோட்டாருடைய ஃபுட் வால்வு கழன்று அடியில் சேற்றில் புதைந்தால் கரண்டிக்கு மாட்டாது, ஆள்தான் இறங்க வேண்டும். "அந்த முங்கறவரக் கூப்புடு" என்று ஆள் விடுவார்கள். அப்பா வருவார். வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு நிற்பார். மூச்சை இழுத்து, ஒரு கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவார். நாங்கள் மேலே நின்று எண்ணுவோம். அறுபது, எழுபது வரை எண்ணியிருக்கிறோம். முப்பது அடித் தண்ணீர் அவருக்குச் சாதாரணம். எடுக்கக்கூடாததையும் சில தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நாட்களில் வீட்டில் சாப்பிட மாட்டார்.

இப்போது அந்தமானுக்கு வருகிறேன்.

2023 ஜனவரி. என் மகள் வேலைக்குப் போன முதல் வருடம். "அப்பா, டிக்கெட் நான் எடுக்கறேன், நீ வாயை மூடிக்கிட்டு வா" என்றாள். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் இரண்டேகால் மணி நேரம். (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். அதற்கும் 2018-லேயே ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தாயிற்று. படகுக்காரர் முதல் பஜ்ஜிக் கடைக்காரர் வரை ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் ஏதாவது தொந்தரவு உண்டா, மறுநாள் விமானம் ஏறப் போகிறாயா. கடைசிக் கேள்வி என்னத்துக்கு என்று விசாரித்தேன். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் அதிகமாக ரத்தத்தில் கரைகிறது. அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். இயற்பியல் படித்தவனுக்கு இது புரிந்தது. புரிந்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை கால் மணி நேரம்தான் நீடித்தது.

சொல்லிக் கொடுத்த பையன் கரேன் இனத்தவன். 1925 வாக்கில் பர்மாவிலிருந்து அந்தமானில் குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். கடலில் பிறந்து வளர்ந்த மாதிரி இருந்தான். அவன் பேசியது இந்தி. எனக்குத் தெரிந்த இந்தி "நஹி" வரைக்கும். மகள் மொழிபெயர்த்தாள். பரவாயில்லை, தண்ணீருக்குள் யாருக்கும் எந்த மொழியும் கிடையாது, கைதான்.

அந்தக் கைபாஷையில்தான் முதல் அடி வாங்கினேன். நமக்குக் கட்டை விரலைத் தூக்கினால் "சூப்பர்". அங்கே அதற்கு "மேலே போகணும்" என்று அர்த்தம். எல்லாம் சரி என்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நான் முதல் தடவை ஆறடி ஆழத்தில் ஒரு மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரலைத் தூக்கினேன். அவன் என்னை அலேக்காகத் தூக்கி மேலே கொண்டுவந்து "க்யா ஹுவா, க்யா ஹுவா" என்கிறான்!

முதுகில் கட்டுகிற சிலிண்டரை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறோம். அது தப்பு. அதில் இருப்பது நாம் இப்போது இந்த அரங்கில் சுவாசிக்கிற இதே காற்றுதான். அதைச் சுமார் இருநூறு மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் அப்படியே வாயில் வந்தால் என்ன ஆவது? நாம் இழுக்கும்போது மட்டும், நாம் இருக்கிற ஆழத்துக்குத் தக்க அழுத்தத்தில் காற்றை விடுகிற ஒரு வால்வு உண்டு. 1943-இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞான் என்ற இன்ஜினீயரும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு என்ன இருந்தது? ஒரு கல், ஒரு கயிறு, மேலே கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆள். அங்கே கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பாவின் கல்தான் ஞாபகம் வந்தது.

முழங்கால் தண்ணீரில் பயிற்சி. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடு என்கிறார்கள். உடம்பு கேட்கவே மாட்டேன் என்கிறது. கிணற்றில் நாங்கள் படித்த ஒரே பாடம் மூச்சைப் பிடி. இங்கே முதல் சட்டமே மூச்சைப் பிடிக்காதே. முப்பது அடியில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, பிடித்துக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். அப்பா மாதிரி மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குபவருக்கு இந்த ஆபத்து இல்லை. உள்ளே சுருங்கிய காற்று மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஆழத்துக்குப் போனோம். பத்து அடி போயிருப்போம். இரண்டு காதிலும் ஊசி வைத்த மாதிரி வலி. காதைக் காட்டி, கையை ஆட்டிக் காட்டினேன். பையன் என்னை இரண்டடி மேலே தூக்கினான். கண்ணாடியின் ரப்பருக்கு மேலாகத் தன் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுகிற மாதிரி செய்து காட்டினான். நானும் செய்தேன். இரண்டு காதுக்குள்ளும் "டொப்". வலி போன இடம் தெரியவில்லை.

நண்பர்களே, அந்த இடத்தில்தான் என் ஸ்கூபா டைவிங் முடிந்தது என்று சொல்ல வேண்டும். உடம்பு இன்னும் இருபது நிமிஷம் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. நான் 1986-க்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் நான் இரண்டாம் ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிறேன், அப்பா திண்ணையில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். வலது காதில் பஞ்சு, பஞ்சில் ரத்தம். பக்கத்து ஊரில் ஒருவர் கிணற்றில் ஃபுட் வால்வு எடுக்க மூன்று தடவை இறங்கியிருக்கிறார். மூன்றாவது தடவை உள்ளே "பட்"டென்று ஏதோ வெடித்த மாதிரி இருந்ததாம், மேலே எது கீழே எது என்று தெரியாமல் தலை சுற்றியதாம். குமிழி போகிற திசையைப் பார்த்து மேலே வந்திருக்கிறார். வால்வை விடவில்லை. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். மருந்து விட்டார்கள். ரத்தம் நின்றது, சீழ் வந்து வந்து போனது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. அந்த வாரம்தான் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டினேன். எந்தப் பணத்தில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. முதலாம் ஆண்டிலேயே நாம் எல்லோரும் பாயில் விதி படித்தோம். 1662-இல் கண்டுபிடித்த விதி. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் இரண்டு மடங்கானால் கன அளவு பாதியாகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வேன். கண்ணாடிக் குழாயும் பாதரசமும் வைத்து அளந்தேன், கிராஃப் போட்டேன், நேர்கோடு வந்தது, நல்ல மார்க்கும் வந்தது. லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பா கேட்டார், "என்னடா கண்ணு படிக்கிற?" "காத்தை அமுக்கினா சுருங்கும்னு" என்றேன். சிரித்தார். "இதப் படிக்கவா தெனம் பஸ்ல போற? கெணத்துல எறங்கனா காதுக்குள்ள யாரோ கட்ட விரல வெச்சு அமுக்கற மாதிரி இருக்கும்டா. அதுவும் காத்துதான?" என்றார்.

அவர் கேள்வியே கேட்டுவிட்டார். பதில் என் நோட்டில் இருந்தது. பத்து மீட்டர் தண்ணீர் இன்னொரு வாயுமண்டலத்துக்குச் சமம். அங்கே செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும், வெளியே தண்ணீர் அழுத்தும், பறை உள்ளே வளையும். சுருக்கத்தில் பெரும் பங்கு முதல் சில மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. அதனால் இதற்கு நடுக்கடல் தேவையில்லை, ஒரு கிணறு போதும். மூக்கைப் பிடித்து ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற சின்னக் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் இரண்டு பக்கத்தையும் சமன் செய்யும். இந்த முறையை வல்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் 1704-லேயே எழுதி வைத்துவிட்டார். வலி வருவதற்கு முன்பே, இரண்டு மூன்று அடிக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய சங்கதி. நான் அப்பாவிடம் "ஆமாப்பா, அதுவும் காத்துதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அது பரீட்சைக்கு வராத கேள்வி.

கீழே என்ன பார்த்தேன் என்று செயலாளர் கேட்பார். பார்த்தேன். மான் கொம்பு மாதிரிப் பவளம் இருந்தது, சில இடத்தில் செத்து வெளுத்து உடைந்தும் கிடந்தது. 2010-இல் கடல் சூடானபோது அந்தமான் பவளம் நிறைய அழிந்தது. கடல் சாமந்திக்குள் புகுந்து புகுந்து வெளியே எட்டிப் பார்க்கிற ஆரஞ்சு நிற மீன். பவளத்தைக் கடித்துத் தின்கிற கிளி மீன். நறுக் நறுக்கென்று அது கடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. அது கழிப்பதுதான் அங்கே கரையில் நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு! என் மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு இருந்தது. கீழே போகப் போக அது மங்கி, சாம்பலும் கறுப்புமாகத் தெரிந்தது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. பையன் தன் மணிக்கட்டில் இருந்த கருவியைக் காட்டினான். ஒன்பது மீட்டர். கணக்குப் போட்டேன். முப்பது அடி.

கரைக்கு வந்ததும் மகள், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். "தாத்தாவுக்கு ஒரு காது கேக்காதே, ஞாபகம் இருக்கா?" என்றேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. 2009-இல் அவர் போகும்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மொழிபெயர்க்க அந்தப் பையனும் கேட்டான். தங்கள் பெரியவர்களில் சிலரும் அப்படித்தான், சத்தம் போட்டுப் பேசினால்தான் கேட்கும் என்றான்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினேன். "இவ்ளோதாம்மா. இது தெரிஞ்சிருந்தா அப்பா காது போயிருக்காது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. "அவருக்கு ஆரு சொன்னா?" என்று கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் அதுவே சிரித்துக்கொண்டு, "அந்தக் காதுப் பக்கமா நின்னுக்கிட்டுதான் நான் அந்த மனுசன எல்லாத் திட்டும் திட்டுவேன்" என்றது.

அப்பா இறங்கின அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. உள்ளே வேலமரம் முளைத்திருக்கிறது, பக்கத்திலேயே போர் போட்டிருக்கிறார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் தண்ணீர் இருக்கிற கிணறு இன்னும் எத்தனையோ இருக்கிறது. முங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். பரிசல் கவிழ்ந்தால் ஆற்றில் குதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் துறை மாணவர்கள் யாராவது நான்கு பேர் முன்வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் பக்கம் போய் அவர்களைப் பார்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். பஸ் செலவு என்னுடையது. நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், நாம் கரையில்தான் உட்காரப் போகிறோம். ஸ்கூபா ஆசை உள்ளவர்கள் அந்தமான் வரை போக வேண்டியதில்லை, புதுச்சேரியிலேயே சொல்லித் தருகிறார்கள். விவரம் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்பேன். இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ வந்து கேட்கலாம், எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.