எந்த நகரத்துக்குப் போகலாம், அக்கா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



விழாவுக்கென வந்த நாள் முதல் இளம் பழைய மாணவிகள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எந்த நாடு என்பதல்ல அந்தக் கேள்வி. நாடுகளின் விசா விதிகள் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "எந்த நகரத்துக்குப் போகலாம், அக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் தலைமுறையில் பலருக்கு இப்படி ஒரு கேள்வி எழவே இல்லை. ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடமே ஊரானது. சுவிற்சர்லாந்தில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசாங்கமே மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பியது. ஜேர்மனியில் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்ட முடியாமல் இருந்தது. நோர்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்களில், எம்மவர்கள் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரும் நகரத்தைத் தெரிவு செய்துகொண்டா புறப்பட்டார்கள்? பின்னால் வந்தவர்களுக்கு அண்ணன் இருந்த இடம், அல்லது மாப்பிள்ளை இருந்த இடம்தான் நகரம். இன்று எங்கள் தங்கைமாருக்குத் தெரிவு இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு நாம் சொல்லும் பதிலிலும் பொறுப்பு இருக்கிறது.

"எங்கட ஆக்கள் கூட இருக்கிற இடத்துக்குப் போ" என்பதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பிழையான பதில் அல்ல. முதல் ஆறு மாதத்துக்கு ஓர் அறையும் ஒரு பிடி சோறும் வேலைக்கு ஒரு வழியும் உறவினரால்தான் கிடைக்கும். கோயில், தமிழ்ப் பாடசாலை, தமிழ்க்கடை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் கவனித்துப் பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை சனி, ஞாயிறுக்கு உரியவை. கிழமையின் மற்ற ஐந்து நாட்களும் வேறு. எனவே, ஒரு நகரத்தைப் பற்றி விசாரிக்கும்போது அங்கே ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அதற்கு மூன்று கேள்விகள் சொல்கிறேன்.

முதலாவது, நீ படித்த தொழிலை அந்த நகரத்தில் செய்யலாமா? கனடாவில் தாதியருக்கும் ஆசிரியருக்கும் அனுமதி வழங்குவது மாகாணங்கள். ஒன்ராறியோவில் பெற்ற அனுமதியோடு அல்பேர்ட்டாவில் அப்படியே வேலை தொடங்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 2010 முதல் தாதியருக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. ஆசிரியருக்கோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகையால் டிக்கெட் எடுக்கும் முன்பே இதை விசாரியுங்கள். சான்றிதழ்களையும் பாடப் புள்ளி விபரங்களையும் இங்கிருக்கும்போதே எடுத்து வைப்பது எவ்வளவோ இலகு.

இரண்டாவது, அந்த இடத்தின் சட்டம் உன்னையும் உன் பிள்ளைகளையும் எப்படிக் கட்டும்? அவுஸ்திரேலியாவின் பிராந்திய விசாவுக்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு. ஆனால் பிராந்தியம் எனக் குறிக்கப்பட்ட இடத்திலேயே வாழ வேண்டும். 2019 நவம்பர் முதல் பேர்த்தும் அடிலெய்டும் அதற்குள் அடங்கும். சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் அடங்கா. மச்சாள் மெல்பேர்ணில் இருக்கிறாள் என்பதற்காக அடிலெய்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மொன்றியாலில் குடியேறுபவர்களின் பிள்ளைகள் அரச பாடசாலையில் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில்தான் படிக்க வேண்டும். இதற்காகவே ரொறன்ரோவுக்கு மாறிய குடும்பங்கள் உண்டு. அதே கியூபெக்கில் 1997 முதல் மானியத்தோடு குறைந்த கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பு கிடைக்கிறது. பிள்ளைகளும் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வளர்கிறார்கள். சுவிசில் பிரசாவுரிமைக்கு நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் மட்டும் போதாது. அந்த மாநிலத்திலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் மாநிலம் மாறினால் அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது கேள்வியைப் பெண்களாகிய நாம்தான் கேட்க வேண்டும். யாருடைய காரையும் எதிர்பாராமல் உன்னால் வெளியே போய்வர முடியுமா? லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ இருப்பவள் நடந்துபோய் மரக்கறி வாங்கலாம், நிலக்கீழ் ரயிலில் வேலைக்குப் போகலாம். பாரிஸில் லா சப்பலுக்கு மெற்றோவிலேயே போய் முருங்கைக்காய் வாங்கி வரலாம். ரொறன்ரோவுக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் வீடு பெரிது, முற்றம் பெரிது. ஆனால் கார் இல்லாமல் ஒரு பால் பெட்டி வாங்குவதும் பாடு. வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் குளிர் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்குவது சாதாரணம். அந்தக் குளிரில் பஸ் தரிப்பில் நிற்க வேண்டியவள் யார் என்றும் யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி உங்களோடு முடிவதில்லை. நாளைக்கு அம்மாவைக் கூப்பிடுவீர்கள். கனடாவின் சுப்பர் விசாவில் பெற்றோர் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஊரில் விடியக் கோயிலுக்கும் பின்பு சந்தைக்கும் தன்பாட்டில் போய் வந்த மனுசி, அங்கே வசதியான வீட்டின் யன்னலோரத்தில் மகள் வேலையால் வரும்வரை இருக்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அன்புக்கும் குறையில்லை. கதவைத் திறந்துகொண்டு தானாகப் போக ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். லண்டனில் ஓய்வூதிய வயதை எட்டிய நகரவாசிகளுக்குப் பஸ்ஸும் நிலக்கீழ் ரயிலும் இலவசம். அந்த அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தனியே கோயிலுக்குப் போகும் எங்கள் மூத்த பழைய மாணவிகளை நான் கண்டிருக்கிறேன். நகரத்தைத் தெரிவு செய்வது இளையவர்கள். அதிக நேரம் அதற்குள் இருப்பதோ முதியவர்களும் குழந்தைகளும்.

முதல் நகரமே முடிந்த முடிவும் அல்ல. மொன்றியாலிலிருந்து ரொறன்ரோவுக்கும், நோர்வேயின் வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கும் எம்மவர் மாறியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை பாடசாலையில் வேரூன்றிய பின் மாறுவது கடினம். எனவே முதல் ஓர் ஆண்டு வாடகைக்கு இருங்கள். ஒரு குளிர்காலத்தைக் கண்ட பிறகு வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.

வெளிநாடுகளில் வாழும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பிள்ளைகள் கலியாணப் படங்களையும் சாமத்தியச் சடங்குப் படங்களையும் பார்த்து நகரங்களை மதிப்பிடுகிறார்கள். அந்தப் படங்களை அனுப்புபவர்கள் நாங்கள்தான். இனி ஒரு தங்கை கேட்டால், "நல்ல இடம், வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது, பிள்ளையை யார் பாடசாலையால் கூட்டி வருகிறார்கள், இருட்டிய பின் தனியே நடக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், தன் நகரத்தைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரைத் தாய்ச் சங்கத்துக்குத் தந்தால் போதும். புறப்படும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய நல்ல சீதனம் அதுவே.