முதல்ல அது என்ன பிளாஸ்டிக்?

போன எபிசோட்ல, வீட்டுலயே வச்சுக்கிற சின்ன லேசர் கட்டர் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வச்சேன். ஒரு நண்பர் எழுதியிருக்கார்: "லேசர் வாங்கிட்டேன். ரெக்ஸின்ல பர்ஸ், கீ செயின் வெட்டி விக்கலாம்னு இருக்கேன். மெஷின் ஹால்ல இருக்கு. வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை. எந்த மாஸ்க் வாங்கணும்?"

நேரடியா சொல்லிடறேன். லேசர்ல ரெக்ஸின் வெட்டாதீங்க. எந்த மாஸ்க் போட்டாலும் வேண்டாம்.

நம்ம கடைகள்ல ரெக்ஸின்னு விக்கிறது பெரும்பாலும் துணி மேல பிவிசி பூசினது. பிவிசியோட எடையில ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். பாதிக்கு மேல! சூடு ஏறினா அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவா பிரிஞ்சு வெளிய வரும். ஈரம் பட்டா அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம்ம உடம்புல ஈரம் எங்க இருக்கு? கண்ணு, மூக்கு, தொண்டை, நுரையீரல். வேலை செய்ற இடத்துல இந்த வாயு எந்த நேரத்திலயும் காத்துல பத்து லட்சத்துல 5 பங்கைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி சொல்லுது. மெஷினுக்கும் இதே கதிதான். ரெயில், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கும், லென்ஸ் போயிடும். நுரையீரலுக்காகக் கேக்காதவங்க கூட லென்ஸுக்காகக் கேக்குறாங்க, அது வேற கதை.

இப்ப மாஸ்க். என்95 தூசு, புகைத் துகள் இதையெல்லாம் பிடிக்கும். வாயு மூலக்கூறு அதுக்குள்ள சாதாரணமா போயிட்டு வரும். அமில வாயுவுக்குன்னு தனி கார்ட்ரிட்ஜ் வச்ச ரெஸ்பிரேட்டர் இருக்கு, உண்மைதான். ஆனா அது போட்டிருக்கிறவரை மட்டும்தான் காப்பாத்தும். ஹால்ல விளையாடுற குழந்தைக்கு யாரு மாட்டி விடுறது? அதனாலதான் "எந்த மாஸ்க்"ங்கிற கேள்வி கடைசியில வரணும். "இது என்ன பிளாஸ்டிக்"ங்கிறதுதான் முதல் கேள்வி.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைக்காரர்கிட்ட பெயரைக் கேளுங்க. முக்கோணத்துக்குள்ள 3-னு இருந்தா பிவிசி. ஆனா ஷீட்ல பெரும்பாலும் எந்த நம்பரும் இருக்காது. அப்போ பழைய கெமிஸ்ட்ரி லேப் வித்தை ஒண்ணு இருக்கு, பெய்ல்ஸ்டீன் சோதனை. 1872-லயே வந்தது. செம்புக் கம்பியை குறடுல பிடிச்சு, தீயில எந்த நிறமும் வராத வரைக்கும் காய்ச்சணும். சூடான கம்பியை பிளாஸ்டிக்ல லேசா தொட்டு, திரும்ப தீயில காட்டணும். சுடர் பளிச்னு பச்சையானா குளோரினோ புரோமினோ இருக்கு. தூக்கி ஓரமா வச்சிடுங்க. இந்தச் சோதனையிலயும் கொஞ்சம் புகை வரும். அதனால வெளியில, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, கடுகளவு மட்டும் செய்யுங்க. டெஃப்லான்ல இருக்கிற ஃபுளூரினை இது காட்டிக் கொடுக்காது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

தீயே வேண்டாம்னா உப்புத் தண்ணி. இனிமே கரையாதுங்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணியில அக்ரிலிக், ஏபிஎஸ் துண்டு மிதக்கும், பிவிசி துண்டு முங்கும். துணியோட ஒட்டின ரெக்ஸினுக்கு இது சரிவராது. சைன் போர்டுக்கு வாங்குற நுரை மாதிரி பிவிசி ஷீட்டும் ஏமாத்தும். உள்ள காத்து இருக்கிறதால சாதாத் தண்ணியிலயே மிதக்கும்.

லேசர் இல்லாதவங்களும் கேளுங்க. பிளம்பிங் வேலையில பைப் முனையை விரிக்க பேப்பரைக் கொளுத்தி அதுல காட்டுறதை எல்லாரும் பார்த்திருப்போம். பிவிசி இளக 80 டிகிரி பக்கம் போதும். தீயோட சூடு அதுக்கு எத்தனையோ மடங்கு மேல, அதனாலதான் பைப் கருகுது, புகை வருது. கொதிக்கிற தண்ணியில முனையை முக்கினாலே இளகிடும். அதை விட நல்லது, கப்ளர் வாங்கி சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டுறது. வெட்டுறதுக்கு கிரைண்டர் வேண்டாம், ஹேக்ஸா பிளேடு போதும். பழைய ஃபிளெக்ஸ் பேனரும் பிவிசிதான், அடுப்புல வைக்காதீங்க.

மத்த பிளாஸ்டிக்கை வேகமா சொல்லிடறேன். அக்ரிலிக் லேசருக்கு நல்லா ஒத்துவரும். ஆனா அதோட ஆவி கண்ணு, மூக்கை எரிக்கும், தீயும் பிடிக்கும், மெஷினை விட்டு எழுந்து போகாதீங்க. ஏபிஎஸ் த்ரீடி பிரின்டர்ல ஸ்டைரீன் விடும், எரிஞ்சா ஹைட்ரஜன் சயனைடே வரும். டெஃப்லானை 260 டிகிரிக்கு மேல கொண்டு போகாதீங்க. அந்தப் புகையைச் சுவாசிச்சா சில மணி நேரம் கழிச்சு ஃப்ளூ மாதிரி குளிர்காய்ச்சல் வரும். ஆளுக்குக் காய்ச்சல்னா, கூண்டுல இருக்கிற கிளி செத்தே போயிடும்.

திரும்ப நம்ம நண்பர்கிட்ட வர்றேன். ஸ்டிக்கர் கடையில பார்த்திருப்பீங்க, வினைல் வெட்ட பிளேடு ஓடுற பிளாட்டர்தான் வச்சிருப்பாங்க. வினைலும் பிவிசி, பிளேடுல சூடு இல்ல. ரெக்ஸினுக்கும் அதே வழிதான். டிசைன் அடிக்கடி மாறாதுன்னா, ஸ்டீல் டை ஒண்ணு செஞ்சு கைப் பிரஸ்ல அழுத்தி வெட்டுங்க. பத்துப் பர்ஸை ஒரே அளவுல வெட்ட லேசரை விட அதுதான் வேகம்.

லேசரை மரம், அட்டை, அக்ரிலிக்குக்கு வச்சுக்கோங்க. அதுக்கும் ஹால் வேண்டாம். கதவு மூடுற தனி ரூம், மெஷினுக்கு மூடி, எக்ஸாஸ்ட் ஃபேன், புகையை ஜன்னலுக்கு வெளிய கொண்டு போற டக்ட், இவ்வளவும் வேணும். வெளியன்னா பக்கத்து வீட்டு பால்கனி இல்ல. அறைக்குள்ளேயே சுத்துற கார்பன் ஃபில்டர் பெட்டியை மட்டும் நம்பாதீங்க.

ஏற்கனவே வெட்டிப் பார்த்துட்டீங்கன்னா, யாருக்காவது இருமல், மூச்சு வாங்குறது, நெஞ்சு இறுக்கம் இருக்கான்னு பாருங்க. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழிச்சும் தெரிய வரலாம். இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, என்ன பொருளை வெட்டினீங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சா துண்டு ஒண்ணை எடுத்துட்டுப் போங்க.

பிரின்டர் ரூம்ல காத்தோட்டம் பத்தி வந்த கேள்விகளை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.