கிளச் பிளேட் வாங்க முன் கேபிளைப் பாருங்கள்

ஊர் திரும்பிய பல வீடுகளில் இப்போது ஒரு மோட்டார் சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும். நெல் மூட்டை ஏற்றவும் அதுதான், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அதுதான். கராச்சோ நாலைந்து கட்டைக்கு அப்பால்.

"பாரம் ஏற்றினால் எஞ்சின் இரையுது, வண்டி இழுக்குதில்லை" என்றதும் பிளேட் மாற்றச் சொல்வார்கள். சிலவேளை அது தேவைதான். ஆனாலும் முதலில் கேபிளைப் பாருங்கள். இரண்டு ஸ்பனர் போதும், காசு செலவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச் பிடியின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். கேபிள் இறுக முன் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆட வேண்டும். 100, 125 சீசீ வண்டிகள் பலவற்றுக்கு இதுதான் அளவு. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஆட்டமே இல்லையென்றால், பிடியை விட்ட பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது. பிளேட் வழுக்கித் தேயும், கருகல் மணம் வரும். ஆட்டம் கூடினால் பிடியை முழுக்க இழுத்தாலும் கிளச் விடாது. கியர் இடித்து விழும், நியூட்ரல் அகப்படாது, வண்டி தானாக ஊரும். முன்னால் பிள்ளைகள் நின்றால் அது பெரிய ஆபத்து.

சரிசெய்ய, பிடியடியில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். திருகை வெளியே வரத் திருப்பினால் ஆட்டம் குறையும், உள்ளே திருப்பினால் கூடும். திருகு பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே விட்டு, எஞ்சின் பக்கத்து நட்டில் சரிசெய்யுங்கள். முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்க வேண்டாம். பிறகு ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். ஹொண்டா எம்.டி. 90 போன்ற, கிளச் பிடி இல்லாத வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

கேபிளின் நுனியில் ஓரிழை அறுந்திருந்தாலும் புதியது போடுங்கள். அது அறுவது எப்போதும் நடுவழியில்தான்! நல்ல கேபிள் என்றால், மேல்முனையைக் கழற்றி மெல்லிய ஒயில் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ்முனையில் வடியும்வரை வையுங்கள்.

கார் எஞ்சின் ஒயில் மலிவு என்று ஊற்றாதீர்கள். இந்த வண்டிகளில் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே சுழல்கிறது; சில கார் ஒயில்கள் அதை வழுக்கச் செய்யும். போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற அடையாளம் உண்டா என்று பாருங்கள்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, இரண்டாம் கியரில் போட்டு, பிடியை இழுத்தபடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். விடாவிட்டால் பிடியை இழுத்துக் கட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். அப்படியும் விடாவிட்டால் கராச்சுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஒன்று: அந்த வண்டி உங்கள் வளவுக்கு வெளியே, பற்றைக்குள் கிடக்கிறதென்றால் கிட்டப் போகவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கு அறிவியுங்கள். அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு எடுக்கலாம்.

அரைக் கிளச்சில் மணல் ஒழுங்கை முழுவதும் ஓடுவதையும் நிறுத்துங்கள், தம்பிமாரே. இறங்கித் தள்ளினால் பிளேட் தப்பும்.