விண்மீனின் நிறுவை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைவண்டி எழுத்தருக்கு விண்மீனோடு என்ன உறவு என வினவுவீர்கள். நிறுவையே உறவு. சிப்பங்களை எடையிட்டுச் சீட்டெழுதுவது எம் தொழில். தராசில் ஏற்ற இயலாத விண்மீனை அறிஞர் எங்ஙனம் எடையிடுகின்றனர் என்பதை இன்று கூற விழைகின்றோம்.

சில இரட்டை விண்மீன்களுள் ஒன்று நியூட்ரான் விண்மீன். அதன் குறுக்களவு, ஏறத்தாழ நம் பெங்களூர் நகர நிலையத்திலிருந்து வைட்ஃபீல்டு வரையுள்ள தொலைவே; எடையோ ஞாயிற்றினும் மிகுதி. துணை விண்மீனின் வாயுவை அது ஈர்த்துத் தன்மேல் சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த வாயு அழுந்திச் சூடேறி வெடித்தெரிகிறது. எக்ஸ் கதிர் சில நொடிகளில் பொங்கிப் பின் தணிகிறது.

உலை கொதிக்கையில் ஆவி மூடியைத் தூக்குவதைத் தாய்மார் அறிவர். மூடி கனத்தால் ஆவியும் மிகவேண்டும். அதுபோலவே, வலிய வெடிப்புகளில் கதிரின் உந்துதல் விண்மீனின் மேற்பரப்பையே தூக்கிவிடுகிறது. ஈர்ப்பை வென்ற அவ்வொளியின் அளவு, ஈர்ப்பின் வலிமையை உணர்த்துகிறது. தணிகையில் காணும் வெப்பமும் ஒளியும் உருவளவை உணர்த்துகின்றன. இரண்டையும் கூட்டி எடையைக் கணிக்கின்றனர்.

இத்துறையில் நம் நகருக்கும் பங்குண்டு. பீனியாவில் உருவான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19-இல் எக்ஸ் கதிர்க் கருவியோடு விண்ணேறியது. மின்பழுதால் சில நாட்களிலேயே ஆய்வு நின்றது. 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், 4யூ 1728-34 என்னும் விண்மீனின் வெடிப்பொளி நொடிக்கு 363 முறை துடிப்பதைப் பதிவுசெய்தது. அவ்விண்மீன் சுழலும் வேகம் அது.

இவ்வெடையால் பயன் யாது? எவ்வளவு பாரம் வரை பொருள் தாங்கும், எப்போது நிலைகுலைந்து கருந்துளையாகும் என்பதை அறியலாம். ஆயினும் எட்டியுள்ள விளக்கு மங்கலாகத் தோன்றும்; தொலைவைப் பிழையாகக் கொண்டால் எடையும் பிழைபடும். வாயுவின் கலவையும் ஐயத்திற்குரியது. ஆதலின் அறிஞர் ஒரே எண்ணைக் கூறாது, “இதற்கும் இதற்கும் இடையே” என்றே எழுதுகின்றனர்.

முன்பொருநாள், முள் நிற்குமுன்னரே எடையெழுதி, ஒரு மூதாட்டியிடம் மிகுதியான கட்டணம் பெற்றுவிட்டோம். பிழை தெரிந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. அந்தச் சில்லறை இன்றும் எம் நெஞ்சில் கனக்கிறது. கைக்கெட்டிய சிப்பத்திலேயே நாம் தவறினோம். கைக்கெட்டாத விண்மீனை நிறுப்போர் தம் ஐயத்தையும் உடன் எழுதுகின்றனர். நிறுப்பவன் நேர்மை அதுவே.