டிரைவ் போனால் லேத் போய்விடாது

(சேரன்மகாதேவியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் பற்றி ஏதாவது பேசுங்கள், ஆனால் அறிவுரை வேண்டாம்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நல்லதாய்ப் போயிற்று. நான் மெஷின் ரிப்பேர்க்காரன். ரிப்பேரைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

பல பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பொறியியல் கல்லூரி ஒர்க் ஷாப்களில் ஒரு மூலையில் சின்ன சி.என்.சி. லேத் ஒன்று துணி போர்த்திக் கிடக்கும். ஒரு காலத்தில் பெருமையாக வாங்கியது. இன்று கேட்டால், "டிரைவ் போச்சு சார், கார்டு கிடைக்கவில்லை, கண்டம் பண்ண எழுதியிருக்கிறோம்" என்பார்கள். துணியை எடுத்துப் பார்த்தால் பெட் தேயவில்லை, பால் ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது, ஸ்பிண்டில் சத்தமில்லாமல் சுற்றுகிறது. உள்ளங்கை அகல கார்டு ஒன்று எரிந்ததற்காக முழு இயந்திரமும் பழைய இரும்பு விலைக்குப் போகிறது. இது சரியா என்பதுதான் என் கேள்வி.

முதலில் இந்த மெஷின்களில் ஸ்டெப்பர் மோட்டார் வந்த கதை. ஜப்பானில் ஃபனுக்கின் இனாபாவும் அவர் குழுவினரும் 1950-களின் கடைசியில், பல்ஸுக்கு ஏற்ப அடி அடியாக நகரும் எலக்ட்ரோ ஹைட்ராலிக் பல்ஸ் மோட்டாரைச் செய்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஹைட்ராலிக் கட்டுப்படியாகவில்லை. 1974-ல் அமெரிக்க கெட்டிஸ் கம்பெனியிடம் உரிமம் வாங்கி டி.சி. சர்வோவுக்கு மாறினார்கள். பெரிய மெஷின்களெல்லாம் சர்வோ பக்கம் போயின. பள்ளி, கல்லூரிக்கென்று வந்த சிறிய லேத்களில், ஆஸ்திரியாவின் எம்கோ காம்பாக்ட் 5 போன்றவற்றில், ஸ்டெப்பர் மோட்டாரே நின்றது. விலை குறைவு, என்கோடர் வேண்டாம். எத்தனை பல்ஸ் கொடுக்கிறோமோ அத்தனை அடி நகரும். நகராமல் போனால் மட்டும் அது கன்ட்ரோலருக்குத் தெரியாது. கடைசி வரை இதை ஞாபகத்தில் வையுங்கள்.

சரி, டிரைவ்தான் போயிருக்கிறதா? பவரை நிறுத்தி, கப்பாசிட்டர் இறங்கும் வரை பொறுத்து, மல்ட்டிமீட்டரால் மோட்டார் காயில்களை அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே ஓம் காட்ட வேண்டும். பாடிக்கு எதுவும் காட்டக் கூடாது. ஸ்க்ரூவைக் கையால் திருப்பி இறுக்கம் பாருங்கள். இரண்டு அச்சிலும் ஒரே வகை மோட்டார் என்றால் எக்ஸ், இசட் பிளக்குகளை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு மோட்டாரோடு போகிறதா, டிரைவோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒன்று முக்கியம்: பவர் இருக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்காதீர்கள். காயிலில் இருக்கும் சக்தி திரும்பி அடித்து, நன்றாக இருந்த டிரைவும் போய்விடும்.

பழைய கார்டில் பெரிய பெரிய பீங்கான் ரெசிஸ்டர்கள் இருக்கும். அவை எதற்கு? ஒரு மோட்டார் காயில் 1 ஓம், 3 ஆம்பியர் என்று வையுங்கள். அதற்கு 3 வோல்ட் போதும். ஆனால் காயிலில் இண்டக்டன்ஸ் இருப்பதால் கரண்ட் மெதுவாகத்தான் ஏறும். வேகமாக ஓட்டினால் கரண்ட் ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும். ஆகவே 30 வோல்ட் கொடுத்து 9 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டார்கள். கரண்ட் ஏறும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 81 வாட் சூடாய்ப் போகிறது. கார்டு கருகுவதற்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம்.

இன்றைய டிரைவ் சாப்பர் முறையில் வேலை செய்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிது. கன்னடியன் கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறோம். மடை வாயில் கல்லை வைத்து அடைத்துச் சொட்டுச் சொட்டாய் விடுவது பழைய முறை. மடையை முழுசாகத் திறந்து, வயலில் அளவு வந்ததும் அடைத்து, குறைந்ததும் திறப்பது புது முறை. இதை டிரைவ் நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது. கரண்ட் வேகமாய் ஏறும், சூடும் குறைவு.

பழைய மோட்டாரில் ஆறு வயர் இருந்தால் அதுவே புது டிரைவுக்கும் ஆகும். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. நடு வயரையும் ஒரு முனையையும் எடுத்தால் பாதிக் காயில்: முழு 3 ஆம்பியர் வைக்கலாம், வேகத்தில் நன்றாக இழுக்கும். இரு முனைகளையும் எடுத்தால் முழுக் காயில்: 2.1 ஆம்பியர்தான் வைக்க வேண்டும், மெதுவான ஓட்டத்தில் பலம் அதிகம், ஆனால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு. லேத்துக்கு நான் பெரும்பாலும் பாதிக் காயிலே போடுகிறேன்.

அடுத்தது சப்ளை. டிரைவ் மேல் 50 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறது, ஆகவே 36 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சரி என்று நினைக்கலாம். 36-ஐ 1.414-ஆல் பெருக்குங்கள். ரெக்டிஃபயருக்குப் பிறகு ஏறக்குறைய 51 வோல்ட்! ராத்திரி லைன் வோல்டேஜ் 260-க்கு ஏறினால் 57. டிரைவ் போயே போச்சு. 28 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 39 வோல்ட் வரும், 260-க்கு ஏறினாலும் 45-ஐத் தாண்டாது.

இப்போது பெட்டி மாட்டியாயிற்று, மோட்டாரும் ஓடுகிறது. வேலை முடிந்ததா? இல்லை, இனிமேல்தான் விஷயம். பழைய கன்ட்ரோலர் கார்டில் எல் 297 என்ற சிப் இருக்கலாம். அதன் 18-ஆம் காலில் பல்ஸ், 17-ஆம் காலில் திசை. அந்த இரண்டையும் ஒரு 7407 பஃபர் வழியாகப் புது டிரைவுக்குக் கொண்டுபோகலாம். எல் 297-ல் பல்ஸ் மேலே ஏறும்போது ஸ்டெப் விழும். 7407 வழியாகக் கீழே இழுத்து இணைத்தால், புது டிரைவில் பல்ஸ் இறங்கும்போது ஸ்டெப் விழும். திசை சிக்னலும் அதே நேரத்தில் மாறுமானால், ஆப்டோகப்ளர் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் ஒன்றாக இல்லாததால், ஒரு பக்கம் திரும்பும்போது சரியாகவும், மறு பக்கம் திரும்பும்போது ஒரு ஸ்டெப் தவறான திசையிலும் போகும்.

ஒரு ஸ்டெப்தானே? 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூ, சுற்றுக்கு 400 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸ் 0.0125 மி.மீ. தவறான பக்கம் ஒன்று போனால் பிழை இரண்டு பல்ஸ், 0.025. எக்ஸ் அச்சில் விட்டத்துக்கு 0.05. பீஸுக்கு ஒரு முறை என்றாலும் 20 பீஸில் 1 மி.மீ. வெளியே போய்விடும். டர்னரைத் திட்டுவார்கள், டூலைத் திட்டுவார்கள், கடைசியில் "இந்த மெஷின் உருப்படாது" என்று துணியைப் போர்த்திவிடுவார்கள். பரிகாரம் சின்னது: 7407-ஐக் கழற்றி 7406 போடுங்கள். கால்கள் அதேதான், சிக்னல் தலைகீழாகும், ஸ்டெப் சரியான நேரத்தில் விழும். அச்சு எதிர்ப்பக்கம் ஓடினால் ஒரு காயிலின் இரண்டு வயரை மாற்றிவிடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் போதும். அச்சை மெதுவாக 20 மி.மீ. போகவிட்டு வரவிடுங்கள், 100 முறை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகர்ந்தால் சிக்னல் கோளாறு. வேகமாய் ஓட்டும்போது மட்டும் எக்குத்தப்பாக நகர்ந்தால் வோல்டேஜ் போதவில்லை, அல்லது முடுக்கம் அதிகம். ஒரே இடத்தில் வந்து திணறினால் கிப்பையும் ஸ்க்ரூவையும் பாருங்கள். டிரைவ் மாற்றிய பிறகு இந்தச் சோதனை செய்யாமல் மெஷினை ஒப்படைக்கவே கூடாது.

மைக்ரோ ஸ்டெப்பிங் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாகப் பிரித்தால் பத்து மடங்கு துல்லியம் என்று விற்பனைக்காரர் சொல்வார். ஓட்டம் மென்மையாகும், அதிர்வு குறையும், அது உண்மை. ஆனால் ஒரு மைக்ரோ ஸ்டெப்புக்கு மோட்டார் தரும் விசை முழு விசையில் 16 சதவீதம் அளவுதான். ஸ்லைடின் உராய்வு அதற்கு மேல் இருந்தால் அசையவே அசையாது. பழைய கன்ட்ரோலரை மாற்றாதவரை, அது பழகிய அதே 400-லேயே வையுங்கள்.

"சர்வோவே போட்டுவிடலாமே சார்?" என்று கேட்பீர்கள். நாள் முழுக்க உற்பத்தி ஓடுகிற மெஷின் என்றால் போடுங்கள், செலவுக்கு நியாயம் உண்டு. படிக்கிற பிள்ளைகள் மெழுகும் அலுமினியமும் கடைகிற லேத்துக்கு அது வேண்டாம். எதிர்த்துக் கேட்கவும் ஒரு நியாயம் இருக்கிறது: பழைய மெஷினில் படித்தவனுக்குக் கம்பெனியில் என்ன மதிப்பு? கம்பெனியில் புது மெஷினின் கதவைத் திறக்க விடமாட்டார்கள். பல்ஸ் எங்கே பிறக்கிறது, எங்கே கரண்டாகிறது, எங்கே தொலைகிறது என்று கையால் தொட்டு, மீட்டர் வைத்துப் பார்க்க இந்தப் பழைய லேத் மட்டும்தான் இடம் கொடுக்கும். அலாரம் வந்ததும் போனை எடுப்பவனுக்கும், அலாரம் ஏன் வந்தது என்று யோசிப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் உண்டாகிறது.

அதனால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: கண்டம் எழுதும் முன் பெட்டையும் ஸ்க்ரூவையும் ஒரு தரம் அளந்து பாருங்கள். அவை நன்றாக இருந்தால் இறுதியாண்டு மாணவர்களுக்கு அதையே பிராஜெக்டாகக் கொடுங்கள். முன்னாள் மாணவர்களுக்கு: இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மீட்டரும் டயல் கேஜும் வைத்துக்கொண்டு பயமில்லாமல் அந்த மூடியைத் திறங்கள். பவரை நிறுத்திவிட்டுத் திறங்கள்.