ஆட்டுப்பால் பொடி: சங்கத்தார் யோசிக்க வேண்டிய கணக்கு

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



ஆட்டுப்பாலைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்றால் நல்ல லாபம் கிடைக்குமென்றும், அதற்கான யந்திரத்தைச் சங்கப் பணத்தில் வாங்கலாமென்றும் சில மாதங்களாக இப்பக்கத்தில் பேச்சு நடந்து வருகிறது. பட்டணத்துக் கடைகளில் அப்பொடி விற்கும் விலையைப் பார்த்தவர்களுக்கு இவ்வாசை உண்டாவது இயற்கையே. ஆனால் இதில் உங்கள் பங்குத்தொகையும் சேமநிதியும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகையால் மகாசபையில் கை தூக்குவதற்கு முன் சில விவரங்களைக் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

முதலாவது, பொடி என்பது என்ன? ஆட்டுப்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர். எஞ்சிய 12 அல்லது 13 பங்கே கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை, உப்புக்கள் முதலிய திடப்பொருள்கள். தண்ணீரைப் போக்கித் திடப்பொருளை நிறுத்துவதே பொடி செய்தல். 13ஆம் நூற்றாண்டிலேயே தாத்தாரியர் பாலை வெயிலில் உலர்த்திக் குதிரைமேல் கொண்டுபோனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டுத் தாம்பாளத்தில் பாலை ஊற்றி மொட்டைமாடியில் காயவைக்க யாரும் முற்பட வேண்டாம். அவர்கள் வெண்ணெயை எடுத்துவிட்டே உலர்த்தினார்கள். கொழுப்போடு கூடிய பால் வெயிலில் காய்ந்தால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஈரம் முழுவதும் போவதற்குள் ஈயும் தூசியும் கிருமியும் அதில் குடிபுகுந்துவிடும்.

இக்காலத்து முறை வேறு. பாலை வடிகட்டி, குளிர்வித்து, பரிசோதித்து, கிருமி நீங்கச் சூடாக்குகிறார்கள். பிறகு காற்று நீக்கிய கொப்பரையில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கவைத்து, நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் திடப்பொருள் நிற்கும்படி சுண்டச் செய்கிறார்கள். அந்தக் குழம்பை உயரமான கூண்டுக்குள் பனித்துளிபோலத் தெளித்தால், எதிர்ப்படும் 180, 200 டிகிரி வெப்பக்காற்றில் அது நொடிப்பொழுதில் உலர்ந்து பொடியாக விழும். ஈரம் நூற்றுக்கு நான்கைந்து பங்குக்கு மேல் மிஞ்சக்கூடாது. ஆட்டுப்பாலுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. பசும்பாலைப் போல அது அதிகச் சூட்டைத் தாங்காது, திரிந்துவிடும். ஆகவே பயிற்சி பெற்ற ஆளும், ஓயாத மின்சாரமும், சோதனைச்சாலையும் இல்லாத இடத்தில் இவ்வேலை நடவாது. உறையவைத்து உலர்த்தும் வேறொரு முறையும் உண்டு. பண்டம் நன்றாயிருக்கும், செலவோ இன்னும் அதிகம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 100 லிட்டர் பாலில் சுமார் 12 கிலோ பொடி கிடைக்கும். அந்த 100 லிட்டரை எங்கிருந்து பெறுவது? நம் பக்கத்துக் கொடியாடும் கன்னியாடும் கறிக்கும் எருவுக்கும் பேர்போனவையே தவிர, பாலுக்கு அல்ல. குட்டிக்கு விட்டதுபோக ஓராட்டில் நாளொன்றுக்குக் கால் லிட்டர் கறக்கலாமென்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்குப் பால் கொடுக்கும் ஆடுகள் 400 வேண்டும். 400 ஆடுகளும் ஒரே மாதத்தில் ஈனப்போவதில்லை. அதனால் மந்தையின் தொகை அதைவிடப் பன்மடங்கு இருத்தல் அவசியம். மந்தைகளோ ஓரிடத்தில் நிற்பவை அல்ல. இன்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் கரட்டில் மேயும் ஆடு, அறுவடை முடிந்ததும் முல்லையாற்றுப் பாசன வயலில் கிடைபோட வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் 2021ஆம் வருஷத்தில் ஏற்பட்டபின் மேய்ச்சல் நிலமும் சுருங்கியிருக்கிறது. அலையும் மந்தைக்குப் பின்னால் பால்வண்டி எத்தனை நாள் ஓடும்?

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஆடு வளர்ப்போருக்கு வருமானம் குட்டியில்தான் இருக்கிறது. விலைக்கு ஆசைப்பட்டுக் குட்டியின் வாயிலிருந்து பாலைப் பறித்தால், அது மெலியும், கழியும், சாகவும் கூடும். சந்தைக்குப் போக வேண்டிய குட்டி ஒன்று செத்தால், அந்த ஈற்றுப் பால் முழுவதையும் விற்ற பணம் அதற்கு ஈடாகுமா என்பதை ஆடு மேய்க்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள். அவர்கள் விரலிலேயே கணக்குச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் கூட்டுறவுக்காரரால் இது ஆகாத காரியமா என்று கேட்பீர்கள். குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் யூனியன் 1946ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பதிவாயிற்று. ஆரம்பத்தில் அதற்கு இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுமே இருந்தன. எருமைப்பாலைப் பொடியாக்க முடியாதென்று மேனாட்டு நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். ஸ்ரீ எச்.எம். தலாயா என்ற எஞ்சினீயர் முடியுமென்று செய்தே காட்டினார். 1955ஆம் வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி பண்டித நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். பதிவாகிய நாளுக்கும் பொடி யந்திரம் சுழன்ற நாளுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது வருஷங்கள் சென்றன. அக்காலமெல்லாம் அவர்கள் பாலைச் சேர்த்தார்கள், அளந்தார்கள், பட்டுவாடா தவறாமல் செய்தார்கள். மிஞ்சிப்போன குளிர்காலப் பாலுக்கு வழி தேடியபோதுதான் யந்திரம் வந்தது. நியூஸிலாந்தில் ஆட்டுப்பாலையே பொடியாக்கும் குடியானவர் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்று 1984ஆம் வருஷம் முதல் நடந்துவருகிறது. அங்கே பாலுக்கென்றே வளர்க்கும் ஸானன் சாதி ஆடுகள் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டருக்குக் குறையாமல் கறக்கின்றன.

ஆகையால் என் அபிப்பிராயத்தைச் சுற்றிவளையாமல் சொல்கிறேன். தனிச் சங்கம் யந்திரம் வாங்கவே கூடாது. பல சங்கங்கள் கூடிப் போதிய பால் சேர்ந்தால், ஏற்கெனவே யந்திரமுள்ள பெரிய ஆலையில் கூலிக்கு உலர்த்தித் தரக் கேட்கலாம். அதற்கும் முன்னே ஒரு வருஷம் பதிவேடு வைத்துப் பாருங்கள். ஈன்ற தேதி, குட்டிகளின் எண்ணிக்கை, வாரம் ஒருமுறை கறந்த அளவு ஆகிய மூன்று கலம் போதும். மேற்கு மலைக்கு அப்பாலுள்ள தலைச்சேரி ஆடு நம் ஆட்டைவிடக் கூடுதலாகக் கறக்கும். அந்தக் கடாவைச் சங்கத்தின் சார்பில் ஒன்றிரண்டு வைத்துப் பார்ப்பது யந்திரத்தைவிடச் சிக்கனமான பரீட்சை.

கறக்கும்போது கடாவை எட்டக் கட்டுங்கள். அதன் வீச்சம் பாலில் ஏறுமென்பது அனுபவத்தில் கண்டது. மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சலைத் தனியே விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கறந்து உடனே குளிர்விக்க வேண்டும். கருச்சிதைந்த ஆட்டின் பாலைச் சேர்க்கவே கூடாது. ஆட்டின் பச்சைப்பாலால் விட்டுவிட்டு வரும் ஒரு காய்ச்சல் மனிதருக்குப் பரவுகிறதென்பது 1905ஆம் வருஷத்தில் மால்டாத் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலால் வீட்டில் குடிப்பதானாலும் காய்ச்சியே குடியுங்கள். மீந்த பாலைக் கோவாவாகக் கிளறலாம். சற்று உப்புக் கரிக்கும், மிருதுவாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கோடு போட்டி போடாது, வீட்டுக்கு உதவும்.

பொடியை வாங்கி உபயோகிப்போருக்கும் சில வார்த்தைகள். சுமார் 125 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கொஞ்சம் விட்டுக் குழைத்து, பிறகு மீதியைச் சேர்த்தால் கட்டி விழாது. ஈரக்கரண்டியை டப்பாவில் விடக்கூடாது. பசும்பால் ஒவ்வாதவர்களுக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளுமென்று நம்பவேண்டாம், பெரும்பாலோருக்கு அதுவும் ஒவ்வாது. டெங்கு ஜுரத்தைத் தீர்க்குமென்ற பேச்சுக்கும் ருஜு இல்லை. காந்தியடிகள் 1919ஆம் வருஷம் முதல் ஆட்டுப்பால் அருந்தினாரே என்பார்கள். பசு, எருமைப் பாலைத் துறந்த விரதத்துக்கு இடையே கண்ட வழி அது, வைத்தியம் அல்ல.

டப்பாவின்மேல் கைக்குழந்தையின் படம் போட்டால் நன்றாக விற்குமென்று ஓர் அங்கத்தினர் என்னிடம் சொன்னார். ஆட்டுப்பாலில் போலிக் என்னும் சத்து மிகக் குறைவு. அதை மட்டுமே ஊட்டிய சிசுக்களுக்கு இரத்தசோகை கண்டிருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுத்தல் ஆகாது. தாய்ப்பாலுக்கு மாற்றென்று விற்கும் பண்டத்தின் டப்பாவில் குழந்தைப் படம் போடுவதை 1992ஆம் வருஷத்துச் சட்டமும் தடுக்கிறது. பதிவேட்டு மாதிரிப் படிவங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். காரியதரிசிகள் கூட்டம் கலையுமுன் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.